கொடிக்கம்பியில் கரண்ட்

எங்கள் வீட்டுக்குக் கரண்ட் இழுத்தது என் வீட்டுக்காரர். மர டிப்போவில் அவருக்கு மரம் அளக்கிற வேலை. அங்கே மோட்டாருக்கு வயர் மாற்ற வருகிறவர்களுக்கு ஏணி பிடித்திருக்கிறார். அதற்கு மேல் அந்த வேலை அவருக்குத் தெரியாது. ஆனால் தெரியாது என்று அவர் யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை.

அந்தமானில் பெரார்கஞ்சிலிருந்து வயல்களைத் தாண்டி உள்ளே போனால் எங்கள் குடியிருப்பு. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகிக் கப்பலில் நான் வந்து இறங்கியபோது அங்கே அரிக்கேன் விளக்குதான். மகளுக்கு ஐந்து வயது நடக்கும்போது, எழுபதுகளின் தொடக்கத்தில், தகரக் கொட்டகை ஒன்றில் டீசல் என்ஜினை வைத்துக் கரண்ட் கொடுத்தார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு ஓட்டுவார்கள், இரவு பத்துக்கு நிறுத்துவார்கள். என்ஜின் ஓடினால் குடியிருப்பு முழுக்கக் கேட்கும். அதனால் எங்கள் எல்லோருக்கும் ஒரு பழக்கம் வந்துவிட்டது. பல்பு மாற்ற வேண்டுமா, பிளக்கைக் கழற்ற வேண்டுமா, முதலில் காதைக் கொடுத்துக் கேட்போம். சத்தம் இல்லையென்றால் கரண்ட் இல்லை. பியூஸைப் பிடுங்கிவிட்டு வேலை செய்கிறவர் ஒருவரும் கிடையாது. சுவிட்சைக்கூட அணைக்க மாட்டோம். போட்டது போட்டபடி கிடக்கும், சாயங்காலம் தானாக எரியும். நானே பகலில் பல்பு ஹோல்டருக்குள் விரலை விட்டு எறும்புக் கூட்டைத் தோண்டி எடுத்திருக்கிறேன்.

வீடு பலகைச் சுவர், தகரக் கூரை. பின்னால் ஒட்டினாற்போல் அடுப்படி. அதற்குப் பழைய தகரத்தையே சுவராக அடித்திருந்தோம். வீட்டிலிருந்து அடுப்படிக்கு வயர் கொண்டுபோக அவர் அந்தத் தகரத்தில் ஆணியால் ஓட்டை போட்டு, குழாய் எதுவும் சொருகாமல், வயரை அப்படியே உள்ளே விட்டார். அதே தகரத்தில் வெளிப்பக்கம் ஒரு பெரிய ஆணியை அடித்து, அங்கிருந்து பாக்கு மரம் வரைக்கும் இரும்புக் கம்பியை இழுத்துக் கட்டினார். துணி காயப்போடுகிற கொடி அதுதான்.

அடுப்படியில் ஒரு பிளக் பாயிண்ட். அதில் ரேடியோ. முதலில் கெட்டது அந்தப் பிளக்தான். நடுப்பாட்டில் ரேடியோ நின்றுவிடும். பிளக்குக்குள் பொரிகிற மாதிரி சத்தம் கேட்கும், துளைகளைச் சுற்றிக் கறுப்பாகக் கருகியிருக்கும். இவர் எழுந்து வந்து பிளக்கின் மேல் முஷ்டியால் இரண்டு குத்து விடுவார், ரேடியோ பாடும். என்னைப் பார்த்து, எல்லாத்துக்கும் கைமருந்து இருக்கு என்பார். எனக்கும் அந்தக் கைமருந்து தெரியும். கல்யாணமான மூன்றாம் மாதத்திலிருந்து தெரியும். சோறு குழைந்தால், கடிதம் வரவில்லையென்றால், டிப்போவில் யாரோ ஏதோ சொல்லியிருந்தால். நான் இயல்பிலேயே வாய் திறக்காதவள். அதுவும் ஒரு குற்றமாகிவிடும், ஏன் பேசாமல் நிற்கிறாய் என்று அதற்கும் ஒன்று விழும்.

அந்த வருஷம் மழை பிடித்த பிறகு ஒரு நாள் சாயங்காலம், தூறலில் கொடியிலிருந்த பாவாடையை உருவப் போனேன். முழங்கை வரைக்கும் யாரோ உலக்கையால் இடித்த மாதிரி இருந்தது. பாவாடை சேற்றில் விழுந்தது, நானும் விழுந்தேன். எழுந்து கையைப் பார்த்தால் ஒன்றும் இல்லை. இவரிடம் சொன்னேன். வாதம் என்றார். நாலு நாள் கழித்து மறுபடியும் அப்படியே ஆனது. இரண்டு தடவையும் சாயங்காலம், இரண்டு தடவையும் மழை ஈரம். பகலில் அதே கொடியைத் தொட்டால் ஒன்றும் இல்லை. எட்டாவது வரைதான் படித்திருக்கிறேன், இருந்தாலும் அது வாதம் இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எப்போதும் கொடிக்குக் கீழேதான் மகள் விளையாடுவாள். கல்லை அடுக்கி, எக்கி, கம்பியைப் பிடித்துத் தொங்குவாள். அவளுக்கு அப்போது ஏழு வயது. வேண்டாம் என்று சொன்னால் அந்த நேரத்துக்குக் கேட்பாள், அவ்வளவுதான். அன்றிலிருந்து என் மனதில் ஒரே ஒரு விஷயம்தான் இருந்தது. இது என்றைக்காவது அவளைக் கொன்றுபோடும்.

அதே மழையில் பியூஸ் போக ஆரம்பித்தது. போட்டால் போகும், போட்டால் போகும். இவர் டிப்போவுக்குப் போயிருந்த ஒரு நாள் மூன்று மணி வாக்கில், என்ஜின் கொட்டகை லைன்மேன் எங்கள் வழியாகப் போனார். தெலுங்கர், எல்லோரிடமும் ஹிந்தி கலந்த தமிழ்தான் பேசுவார், பெண்களை பெஹன், சகோதரி, என்பார். வெட்கத்தை விட்டுக் கூப்பிட்டேன். பீங்கான் பியூஸைக் கையில் வாங்கிப் பார்த்தார். கொடியைத் தொட்டால் கை இழுப்பதைச் சொன்னதும் முகம் மாறியது.

"பெஹன், பியூஸ் சும்மா போகாது. எங்கயோ வயர் தோல் போயி தகரத்துல ஒட்டுது. நாளைக்கு டெஸ்டர் கொண்டாறேன், அதுவரைக்கும் பியூஸ் போடாதே."

போகும்போது திரும்பி நின்று இன்னொன்றும் சொன்னார். யாரையாவது கரண்ட் பிடித்துக்கொண்டால் கையால் இழுக்கக்கூடாது, இழுத்தால் நானும் சேர்ந்து போவேன், காய்ந்த கட்டையால் அடித்துத்தான் பிரிக்க வேண்டும். பயப்படாமல் பலமாக அடிக்க வேண்டும். எலும்பு போனாலும் ஆள் பிழைக்கும் என்றார்.

சாயங்காலம் மகள் அப்பாவிடம் லைன்மேன் மாமா வந்ததைச் சொல்லிவிட்டாள். சந்தோஷமாகத்தான் சொன்னாள். இவர் ரப்பர் பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை. நான் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். முதுகில் மிதித்ததில் நெற்றி பலகைச் சுவரில் போய் மோதியது. தன் வேலையைக் குறை சொல்ல ஊரான் ஒருவனை வீட்டுக்குள் விட்டேனாம். மறுநாள் காலையில் லைன்மேன் டெஸ்டரோடு வந்தபோது வாசலிலேயே இவர் அவருடைய சட்டையைப் பிடித்துத் தள்ளினார். லைன்மேன் தள்ளாடி வேலியில் விழுந்து, முழங்கையில் கம்பி கிழித்த ரத்தத்தோடு போனார். பிறகு இவர் ஏழு இழைச் செம்புக் கம்பியை முறுக்கிப் பியூஸுக்குள் கட்டினார். தீக்குச்சி மொத்தம் இருந்தது அது. அதற்கப்புறம் பியூஸ் போகவே இல்லை. இப்போ என்ன சொல்லுதான் உன் லைன்மேன் என்று மூன்று நாள் கேட்டுக்கொண்டே இருந்தார்.

பியூஸ் போகாமல் இருந்தால் வயர் சரியாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. போக வேண்டிய இடத்தில் போக விடாமல் கட்டியாகிவிட்டது என்றுதான் அர்த்தம். இதை நான் அன்றைக்கே யோசித்தேன். சொல்லவில்லை.

அந்த வாரமே அது நடந்தது. மழை விட்டு மசங்குகிற நேரம். இவர் டிப்போவிலிருந்து ரப்பர் கம்பூட்ஸோடு வந்தார். மழைக்காலத்தில் முழங்கால் வரைக்கும் கம்பூட்ஸ் போட்டுத்தான் வேலைக்குப் போவார்கள். கொடியில் துணி அப்படியே கிடப்பதைப் பார்த்து ஏன் எடுக்கவில்லை என்று கேட்டார். இழுக்கிறது என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். என்னை முற்றத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். கம்பூட்ஸ் காலோடு நின்று, கொடிக்கம்பியை ஒரு கையால் முழுசாகப் பிடித்தார். ஒன்றும் ஆகவில்லை. இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினார். சிரித்தார். பக்கத்து வீட்டு வங்காளி அம்மா வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் கேட்கும்படி மகளைப் பார்த்துச் சொன்னார்.

"பாத்தியா? உங்கம்மாவுக்குப் பைத்தியம். ஏட்டி, நீ வா. வந்து தொடு."

வேண்டாம் என்று கத்தினேன். அதுவரைக்கும் நான் அவ்வளவு சத்தமாகப் பேசியதே இல்லை. அதற்கே புறங்கையால் வாயில் ஒன்று விழுந்தது. மகள் வெறுங்காலோடு ஈர மண்ணில் நின்றாள். அப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அப்பா சொன்னதைக் கேட்டாள்.

அவள் கத்தவில்லை. தொண்டையில் ஏதோ அடைத்த மாதிரி ஒரு சத்தம். உடம்பு விறைத்தது. பிறகு யாரோ தூக்கி எறிந்தாற்போல் அடுப்படிப் படியில் போய் விழுந்தாள். உள்ளங்கையில் கோடு போட்டதுபோல் வெந்திருந்தது. நான் ஓடிப்போய்த் தூக்கி மூக்கில் கை வைத்துப் பார்த்தேன். மூச்சு இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அழுதாள். இவர் அசையாமல் நின்றார். பிறகு, அந்தப் பிள்ளை என் மடியில் கிடக்கும்போதே, என் மயிரைப் பிடித்துத் தூக்கி அடித்தார். நான் கொடியை ஈரமாகப் போட்டு வைத்திருந்ததுதான் காரணமாம். பயந்துவிட்டார். பயம் வந்தாலும் அவருக்கு அடிக்கத்தான் தெரியும்.

அன்று இரவு என்ஜின் நின்ற பிறகு நான் கொறட்டால் கொடியை அறுத்துப் போட்டேன். இவர் தடுக்கவில்லை. ஆனால் தகரம் அப்படியேதான் இருந்தது. அடுப்படிக்குப் போக அந்தத் தகரத்தை உரசாமல் வழி கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பகலில் வயரை வெட்டி ஒட்டுகிறேன் என்றார். லைன்மேனைக் கூப்பிடுங்கள் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. உதடு வீங்கியிருந்தது. பியூஸையாவது பிடுங்கிக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

"பகல்ல எங்க இருந்துட்டி கரண்ட் வருது?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே கொட்டு மழை. தகரக் கூரையில் மழை பெய்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. என்ஜினா கேட்கப்போகிறது? அது எங்கள் புத்தியில் ஏறவில்லை. சாயங்காலம்தான் கரண்ட், இது மதியம், வேறென்ன? இவர் தாழ்வாரத்துக்கு அடியில், அடுப்படிக் கல் படியில் வெறுங்காலோடு ஏறி நின்றார். கத்தியால் வயர்த் தோலைச் சீவி எடுத்துவிட்டு, தகரம் அறுத்திருந்த இடத்தை விரலால் முறுக்கிக்கொண்டிருந்தார். படியில் தண்ணீர் ஓடியது. நான் முன்னறையில் மகளின் கைக்கு மருந்து வைத்துக்கொண்டிருந்தேன்.

தலைக்கு மேல் பல்பு எரிந்தது.

நட்ட நடுப்பகலில் அந்த பல்பு எரிந்து நான் பார்த்ததே இல்லை. ஒரு நிமிஷம் என்னவென்று புரியவில்லை. மேன்லேண்டிலிருந்து புது என்ஜின் ஒன்று கப்பலில் வந்திருந்ததாம். அதை அன்று மதியம் ஓட்டிப் பார்த்தார்கள். கடைப் பக்கம் எல்லோருக்கும் சொல்லியிருந்தார்களாம். மழையில் எங்கள் பக்கம் சேதி வரவில்லை. இதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்தது பல்பு மட்டும்தான். மகளைக் கட்டிலில் உட்காரச் சொல்லி, இறங்கினால் காலை ஒடிப்பேன் என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

இவர் வயரைப் பிடித்தபடி நின்றார். பிடித்தது அவர் இல்லை, வயர். பல் கடித்திருந்தது, கண் பிதுங்கியிருந்தது, உடம்பு முழுக்கத் துடித்தது. வாயிலிருந்து ஆட்டை அறுக்கும்போது வருகிற மாதிரி ஒரு சத்தம். விரலிலிருந்து புகை வந்தது. அந்த நாற்றம் இன்றைக்கும் எனக்குக் கறி வதக்கினால் வரும்.

அடுப்புக்கு மேல் பரணில் படாக் மரத்து ரீப்பர் கட்டைகள் கிடந்தன, புகையில் காய்ந்து இரும்பாய் இருந்தன. ஒன்றை உருவினேன். முதல் அடி தோளில் பட்டது. பிடி விடவில்லை. இரண்டாவது அடியை இரண்டு கையாலும் ஓங்கி முன்கையில் போட்டேன். எலும்பு முறிகிற சத்தம் மழையிலும் கேட்டது. விரல்கள் விரிந்தன. வயர் தனியாகத் தொங்கியது. அவர் படியிலிருந்து சரிந்து சேற்றில் குப்புற விழுந்தார்.

பிறகு மூன்றாவது அடி அடித்தேன். முதுகில்.

வேலிக்கு அந்தப் பக்கம் வங்காளி அம்மா நின்றிருந்தாள். கட்டையைக் கீழே போட்டபோதுதான் அவளைப் பார்த்தேன்.

மூச்சு நின்றுபோயிருந்தது. புரட்டிப் போட்டு நெஞ்சில் இரண்டு கையாலும் குத்தினேன், எனக்கு வேறு தெரியாது. எத்தனை குத்து என்று நினைவில்லை. கடைசியில் இருமி, சேற்றுத் தண்ணீரைக் கக்கினார். டிப்போ லாரியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வலது முன்கையில் இரண்டு எலும்பும் முறிவு, இரண்டு விரல் நுனி கருகல். மாவுக்கட்டுப் போட்டார்கள். கட்டையால் அடிக்கவில்லையென்றால் பிணத்தைத்தான் கொண்டுவந்திருப்பீர்கள் என்று டாக்டர் ஹிந்தியில் சொன்னார். பக்கத்தில் நின்றவர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். அதற்குள் குடியிருப்பில் சேதி வேறு விதமாகப் பரவியிருந்தது. வங்காளி அம்மா பொய் சொல்லவில்லை. பார்த்ததைத்தான் சொன்னாள். தீன் பார் மாரா, மூன்று தடவை அடித்தாள் என்று. கீழே விழுந்த பிறகும் அடித்தாள் என்று.

லைன்மேன் வந்து போஸ்ட்டிலேயே எங்கள் வயரை வெட்டிவிட்டார். முழங்கையில் காய்ந்த தழும்பு இருந்தது. என்னிடம் மட்டும், பழைய வயர் எல்லாம் மாற்றாமல் கனெக்‌ஷன் கிடையாது என்றார். இவர் கட்டிலில் படுத்தபடியே அதைக் கேட்டார். லைன்மேன் போனதும் என்னிடம் சொன்னார். மாவுக்கட்டைப் பிரித்ததும் தானே போஸ்ட்டில் ஏறி வயரைச் சேர்த்துக்கொள்வாராம். தெலுங்கன் காலடி இந்த வீட்டில் படக்கூடாதாம். வயரில் ஒரு குறையும் இல்லையாம், பகலில் கரண்ட் விட்டவன்தான் குற்றவாளியாம்.

அவர் செய்வார் என்று எனக்குத் தெரியும். செத்துப் பிழைத்த ஆளுக்கே புத்தி வரவில்லையென்றால், அடுத்தது என் மகள்தான்.

மறுநாள் காலையில் கொறடை எடுத்தேன். போஸ்ட்டில் வெட்டியிருப்பதைப் போய்க் கண்ணால் பார்த்துவிட்டு வந்தேன். காதை நம்பவில்லை. பியூஸையும் பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டேன். பிறகு முன்னறைச் சுவரிலிருந்து ஆரம்பித்தேன். கிளிப்பை நெம்பி, வயரை இழுத்து, ரீப்பரோடு பிய்த்தேன். பலகை கிழிந்தது. பிளக் பாயிண்ட்டைச் சுத்தியலால் அடித்தே உடைத்தேன். உள்ளே பித்தளை கரிக்கட்டையாக இருந்தது. இவர் கட்டிலிலிருந்து கத்தினார், கெட்ட வார்த்தைகளில் என் அம்மாவையும் சேர்த்து. நான் நிறுத்தவில்லை. எழுந்து வந்து இடுப்பில் உதைத்தார். விழுந்தேன். எழுந்து அடுத்த கிளிப்பைப் பிடுங்கினேன். மறுபடி உதைத்தார். மறுபடி எழுந்தேன். உள்ளங்கையெல்லாம் ஆணி கீறி ரத்தம், கொறடு வழுக்கியது. மகள் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் தடவை உதைக்கக் காலைத் தூக்கியவர், மாவுக்கட்டுக் கை எங்கோ இடிபட்டு, வலியில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கினார். நான் அடுப்படித் தகரத்தை ஆணியிலிருந்து பெயர்த்துக்கொண்டிருந்தேன். பிறகு சாதாரணக் குரலில் கேட்டார்.

"ரெண்டாவது அடியிலயே கை விட்டுட்டுல்லா. மூணாவது அடி எதுக்குட்டி?"

நான் திரும்பிப் பார்த்தேன். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அவர் என்னிடம் பதில் தெரியாமல் கேட்ட கேள்வி அது ஒன்றுதான்.

"அது புள்ளைக்கு," என்றேன்.

அவர் மகள் நின்ற கதவுப் பக்கம் பார்த்தார், அவளுடைய துணி சுற்றிய கையைப் பார்த்தார். நான் சொன்னது பொய். அந்த அடி எனக்கு. மகளுடைய உள்ளங்கை அப்போது என் நினைவில் இல்லை. சேற்றில் கிடந்த முதுகுதான் தெரிந்தது, அடிக்க வாகாக இருந்தது, அடித்தேன். இதை இத்தனை வருஷத்தில் யாரிடமும் சொன்னதில்லை.

பிய்த்த வயரையெல்லாம் சுருட்டி, ஒரு பெட்டியில் போட்டுக் கல்லைக் கட்டி ஓடையில் ஆழமான இடத்தில் போட்டேன். மூன்று மாதம் மண்ணெண்ணெய் விளக்குதான். பிறகு லைன்மேன் வந்து புதிதாக வயரிங் செய்தார். இவர் அன்று டிப்போவுக்குப் போய்விட்டார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொன்றும் எதற்கு என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். தகரத்தைத் தாண்டுகிற இடத்தில் குழாய் போட்டார். வெளியே குழி வெட்டி, கரியும் உப்பும் கொட்டி எர்த் குழாய் இறக்கினார். குழி வெட்டியது நான்தான். துணி காயப்போடக் கயிறு கட்டினேன்.

அதற்குப் பிறகு அவர் என்னை அடிக்கவே இல்லை என்று எழுத ஆசைதான். அடித்தார். முன்பைவிடக் குறைவு, அவ்வளவுதான். முறிந்த கை கோணலாகக் கூடியதால் இடது கையால் அடிப்பார். ஆனால் மகள் மேல் கை வைத்ததில்லை. வயரையும் தொட்டதில்லை. மழைக்காலத்தில் பியூஸ் போனால் நான்தான் மெயினை அணைத்துவிட்டு, ஒற்றை இழைக் கம்பி கட்டிப் போடுவேன். நான் பியூஸ் பெட்டியைத் திறக்கும்போது அவர் வீட்டுக்குள் இருக்க மாட்டார். மழை பெய்தாலும் முற்றத்தில் போய் நிற்பார். விளக்கு எரிந்த பிறகுதான் உள்ளே வருவார்.